சீனியாரிட்டிப்படி எட்டுக் குட்டிகள்

சக்கரபாணிக்கு நேர்ந்ததெல்லாம் அவர் ஒரு பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் நேர்ந்தது என்று நகரியத்துப் பதினெட்டாம் பிளாக்கில் பாதிப் பேர் சொல்வார்கள். படித்துவிட்டுப் போட்டிருந்தாலும் இதேதான் நேர்ந்திருக்கும் என்பது மீதிப் பேரின் கட்சி. அவர் மனைவி செவ்வந்தியைக் கேட்டால், அந்த மனுஷன் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

சக்கரபாணி நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். ஓடுகிற பெல்ட்டை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்த மனிதருக்கு எதையும் நிதானமாகச் செய்கிற குணம் வந்துவிட்டது. ஜிலேபி என்கிற அவருடைய கோல்டன் ரெட்ரீவருக்கு மூன்று வயது முடிகிறவரை இணை சேர்க்க மாட்டேன் என்று நின்றார். அப்புறம் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் இடுப்பெலும்பை எக்ஸ்ரே எடுத்தார், கண்ணைக் காட்டினார், இதயத்தைக் கேட்கச் சொன்னார். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் வீட்டில் இவ்வளவா பார்த்தீர்கள் என்று செவ்வந்தி கேட்டது தெருவுக்கே தெரியும். மாப்பிள்ளை விருத்தாசலத்தில் ஒரு பல் டாக்டர் வீட்டு நாய். அதன் எக்ஸ்ரேயையும் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொன்னார்.

நவம்பர் நாலாம் தேதி, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகல் பொழுதில், ஜிலேபி எட்டுக் குட்டி போட்டது. அதற்காகவே சக்கரபாணி பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து வைத்திருந்தார். தாய் புரண்டு படுத்தாலும் குட்டி நசுங்காமல் ஒதுங்கிக்கொள்ள உள்ளே நான்கு பக்கமும் சட்டம் வைத்து, வழுக்காமல் இருக்கத் தரையில் கனமான கறுப்பு ரப்பர் விரித்திருந்தார். அந்த ரப்பர் எந்த பெல்ட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை உள்ள வீடு அந்தத் தெருவில் இல்லை.

ஏழு குட்டி நல்லபடியாக வந்தது. எட்டாவது மூச்சில்லாமல் வந்தது. அந்த நேரம் பார்த்து, வாங்கிப்போன டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்கக் கொளஞ்சியப்பன் வந்து வாசலில் நின்றான். கம்மாபுரம் பக்கத்து ஆள், அதே பெல்ட்டில் சிந்துகிற பழுப்பு நிலக்கரியை அள்ளுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. நாற்பது வயதாகிறது, இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. அவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக உள்ளே வந்து, குட்டியின் மூக்கை வழித்து, தலைகீழாகப் பிடித்து, தோளில் கிடந்த துண்டால் தேய்தேயென்று தேய்த்தான். ஆட்டுக்குட்டிக்குச் செய்வது நாய்க்குட்டிக்கும் ஆகும்போல. அது ஒரு சத்தம் போட்டது. கீல் காய்ந்த கதவு மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

அடையாளத்துக்குச் செவ்வந்தி தன் தையல் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நிறத்தில் நாடா கட்டினாள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ஊதா, ஆரஞ்சு, கறுப்பு. ஏழோடு பெட்டி காலி. எட்டாவதுக்கு வேறு வழியில்லாமல் வெள்ளைப் பாவாடை நாடாவில் ஒரு முழம் கத்தரித்துக் கட்டினாள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பெரிய மனிதர்கள் வருகிறார்கள்.

வெள்ளை நாடாவுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. கொளஞ்சியப்பன் தினமும் ஷிப்ட் முடிந்து, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, பால் அதிகமாகச் சுரக்கிற பின்பக்கத்துக் காம்பில் அதைப் பிடித்துவைத்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். மூன்று வாரத்தில் அதன் கண் திறந்து, காது திறந்து, வாசலில் அவன் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தத்துக்கு எழுந்து நிற்க ஆரம்பித்தது.

இதற்குள் குட்டி கேட்டு ஆட்கள் வந்தார்கள். சக்கரபாணி ஒரு நீள நோட்டில் பதினாலு கேள்வி எழுதி வைத்திருந்தார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று, டிரான்ஸ்பர் வந்தால் என்ன செய்வீர்கள், இப்படி. பதினாலாவது கேள்விதான் முக்கியம். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் என்னிடமே திருப்பித் தருவீர்களா? கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொடுக்கக் கேட்டவரைத் திருப்பி அனுப்பினார். குட்டி போடவைத்து விற்கக் கேட்டவரைக் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பினார். மிச்சம் இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் சைக்கிளில் போய்க் கேட்டையும் காம்பவுண்டையும் பார்த்துவிட்டு வந்தார். டிசம்பர் நடுவில் எட்டுக் குட்டிக்கும் எட்டு வீடு தயார். எட்டாவது வீடு கொளஞ்சியப்பனுடையது. ஜனவரி முதல் வாரம் முதல் ஊசி போட்டு, எட்டு வாரம் முடிந்ததும் அனுப்புவதாகத் திட்டம்.

அங்கேதான் சக்கரபாணியின் புத்தி வேலை செய்தது. எல்லாவற்றையும் முறைப்படி செய்தவர், இதையும் முறைப்படி ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நகரியப் பொறுப்பான செல்லப்பிராணி வளர்ப்போர் கூட்டமைப்பின் ஆபீஸுக்குப் போனார்.

மூடிப்போன ஒரு பால் பூத்தில் அந்தக் கூட்டமைப்பு இயங்கியது. போர்டு பூத்தைவிட நீளம். உள்ளே இருந்தவர் செயலாளர் அன்புமணி. வேலையில் இருந்த காலமெல்லாம் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு ஃபைல் பார்த்தவர். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். ஒதுக்கீடு செய்த கை சும்மா இருக்குமா, ஒதுக்குவதற்கு எதுவும் கிடைக்காமல் ஆறு வருடமாகக் காத்திருந்தது. எட்டுக் குட்டி என்று கேட்டதும் மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

நான்கு பக்க பாரம் வந்தது. குட்டியின் தாய் பெயர், தாய் வசிக்கும் குவார்ட்டர்ஸ் எண், தகப்பன் பெயர், தகப்பன் பணி எண். தகப்பன் விருத்தாசலம் என்று சக்கரபாணி சொன்னதும் அன்புமணி பேனாவை மூடினார். வெளியாளா என்று கேட்டு, வருத்தத்தோடு 'வெளியாள்' என்று எழுதிக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. குட்டிகளைக் கூட்டமைப்பின் ஒதுக்கீட்டு ஆணைப்படி அன்றி யாருக்கும் தரமாட்டேன், மீறினால் தாயை நகரியத்தில் வைத்திருக்கும் தகுதியை இழப்பேன் என்று அது சொன்னது. சக்கரபாணி கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டார். ரசீதோடு ஒரு விதிப்புத்தகமும் கொடுத்தார்கள். அதை அவர் வீட்டு ஷெல்பில் சொருகினார்.

தகுதி இழப்பது என்றால் ஜிலேபியை வெளியேற்றுவது என்று அடுத்த வாரம் அன்புமணியே விளக்கினார். சக்கரபாணி அதை வீட்டில் வந்து சொன்னார். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

முதலில் ஆய்வுக் குழு வந்தது. ஐந்து பேர், அவர்களில் நாய் வைத்திருந்தவர் யாருமில்லை. தலைவர் கோபாலகிருஷ்ணன் பெரிய கிரேடு அதிகாரி. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, நாயைக் கட்டிவிட்டதாக மூன்று பேர் தனித்தனியாக வந்து சொன்ன பிறகு உள்ளே வந்தார். பெட்டியை டேப் வைத்து அளந்தார்கள். ஒரு குட்டிக்கு எத்தனை சதுர அடி என்று வகுத்துப் பார்த்து, சட்டம் வைத்ததால் இடம் குறைகிறது, சட்டத்தை எடுக்கவும் என்று குறிப்பு எழுதினார்கள். தாய் புரண்டால் நசுங்கும் என்று சக்கரபாணி சொன்னார். தாய் புரளக் கூடாது என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் கோபாலகிருஷ்ணன் நாடாக்களைப் பார்த்தார். மைன்ஸில் தலையைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும். வெள்ளை ஹெல்மெட் என்றால் அதிகாரி, மஞ்சள் என்றால் தொழிலாளி, மற்ற நிறங்களுக்கும் ஒவ்வொரு பிரிவு. அந்த ஊரில் முப்பது வருடம் இருந்தவர் கண்ணுக்கு நாய் தெரியவில்லை, நிறம் தெரிந்தது. ஏற்கெனவே தரம் பிரித்துவிட்டீர்கள், நல்ல வேலை என்று சக்கரபாணியின் முதுகில் தட்டினார். அது பாவாடை நாடா சார் என்று சொல்ல சக்கரபாணி வாய் எடுத்தார். சமையலறையிலிருந்து செவ்வந்தி பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது. குறிப்பின் கீழே 'வெள்ளை – அதிகாரி நிலை – 1' என்று பதிவாகியது. எட்டிலும் இளைத்தது, நடக்கையில் பின்கால் கொஞ்சம் சாய்கிறது, ஒருமுறை சாப்பிட்டால் இருமுறை கக்குகிறது, அந்தக் குட்டி அன்று மாலை முதல் அதிகாரியானது.

அடுத்தது சீனியாரிட்டி லிஸ்ட். கூட்டமைப்பு நோட்டீஸ் ஒட்டிய பத்து நாளில் நூற்று நாற்பத்து மூன்று விண்ணப்பம் விழுந்தது. நகரியத்தில் நாய் மேல் இவ்வளவு பிரியமா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படலாம். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எதற்காவது லிஸ்ட் போடுகிறார்கள் என்றால் நம் பெயர் அதில் இருந்தாக வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்பது அப்புறம் யோசிக்கிற விஷயம். இன்று பெயர் கொடுக்காமல் விட்டால் நாளைக்கு நமக்குப் பின்னால் சேர்ந்தவன் முன்னால் போய்விடுவான்.

லிஸ்டில் முதல் ஆள் தனகோடி. பெர்மனென்ட், சீனியர் மோஸ்ட், நாய் என்றால் ஏழு வயதிலிருந்து பயம். கூட்டமைப்பு அவரைக் குட்டியைப் பார்வையிட அனுப்பியது. எதிர்ச்சாரியில் வேப்பமர நிழலில் சைக்கிளை நிறுத்தி, அங்கிருந்தபடியே பார்வையிட்டார். சக்கரபாணி ரோட்டைக் கடந்து போய், உங்களுக்கு எதற்கண்ணே நாய், விட்டுக் கொடுத்துவிடுங்களேன் என்று தன்மையாகக் கேட்டுப் பார்த்தார்.

"எனக்கு வேணாம்தான் தம்பி. ஆனா சரண்டர் பண்ணா மூணு வருஷம் எந்த லிஸ்ட்லயும் பேர் வராதுன்னு ரூல் போட்டுருக்காங்க. நாளைக்கே அவங்க பசுமாடு ஒதுக்குனா நான் என்ன பண்றது?"

உங்களுக்கு மாடு வேண்டுமா என்று கேட்டார் சக்கரபாணி. மாடு என்றாலும் பயம்தான் என்றார் தனகோடி.

கொளஞ்சியப்பனும் விண்ணப்பம் கொண்டு போனான். பணி எண் என்ற கட்டம் காலியாக இருந்தது. கான்ட்ராக்டர் கொடுத்த கேட் பாஸ் எண்ணை எழுதட்டுமா என்று கேட்டான். கேட் பாஸ் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும், நாய் பன்னிரண்டு வருடம் வாழும், மீதிக் காலத்துக்கு யார் பொறுப்பு என்று அன்புமணி கேட்டார். கேள்வி நியாயமாகப் பட்டதால் கொளஞ்சியப்பன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். சக்கரபாணி வீட்டுத் திண்டில் உட்கார்ந்து வெள்ளை நாடாவின் காதைத் தடவிக்கொண்டே, "பதினோரு வருசமா மூணு மாச பாஸ்லதாங்கண்ணே ஓடிகினு இருக்குது. இத மட்டும் ஓட்ட மாட்டனா" என்றான்.

எட்டு வாரம் முடிந்தது. பத்து வாரம் முடிந்தது. ஆட்சேபணை தெரிவிக்க முப்பது நாள் என்று நோட்டீஸ் போட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு ஆட்சேபணை வந்தது. ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் மேல் ஒருவர் ஆட்சேபணை போட்டிருந்தார்கள். குட்டியைப் பார்க்காமலே ஊதாவுக்கு ஆரஞ்சை மாற்றிக்கொள்ள இரண்டு பேர் பரஸ்பர மாற்று மனு கொடுத்தார்கள். ஒதுக்கீடு இல்லாத ஒருவர் தினமும் வந்து வெள்ளை நாடாவோடு பழகுகிறார் என்று யாரோ மொட்டைக் கடிதாசி போட, கொளஞ்சியப்பன் பெயருக்கு 'ஒதுக்கீட்டுக்கு முந்தைய ஆக்கிரமிப்பு' என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளும் வந்தான்.

குட்டிகள் ஆட்சேபணைக்காகக் காத்திருக்கவில்லை, வளர்ந்தன. சக்கரபாணியின் செருப்பு, செவ்வந்தியின் சுளகு, கொடியில் காய்ந்த ஷிப்ட் சட்டையின் ஒரு கை, எதிர்வீட்டு மல்லிச் செடி எல்லாம் வரிசையாகப் போயின. அண்டாவில் சோறு வடித்தாள் செவ்வந்தி. பக்கத்து வீட்டு மலர்விழி டீச்சர், எட்டு வீட்டில் ஒரு வீட்டுக்காரி, தனக்கென்று சொல்லியிருந்த பச்சை நாடாவை வேலி வழியே பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். மற்ற ஏழில் மூன்று வீட்டுக்காரர்கள் பொறுக்க முடியாமல் சென்னையிலிருந்து புரோக்கர் மூலம் குட்டி வரவழைத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று ஊசி போடாத குட்டி, வந்த ஒன்பதாம் நாள் கழிந்து கழிந்து செத்துப்போனது. அந்தச் சேதி வந்த அன்று சக்கரபாணி நேராகக் கூட்டமைப்புக்குப் போய், விசாரணை வையுங்கள் சார், நான் பேச வேண்டும் என்றார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரணை. பால் பூத் போதாதென்று வெளியே ஷாமியானா. கோபாலகிருஷ்ணன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"எனக்கு நாய் பிடிக்காது. அதை நான் மறைக்கவில்லை. பிடித்திருந்தால் பாரபட்சம் வந்துவிடும். இந்தக் கூட்டமைப்பில் நாய் பிடித்தவர் ஒருவரையும் நாங்கள் சேர்ப்பதில்லை. தொடங்கி ஆறு வருடமாகிறது. இன்றுவரை ஒரு குட்டிகூட எங்கள் மூலம் தவறான வீட்டுக்குப் போனதில்லை."

கூட்டம் கை தட்டியது. சக்கரபாணி எழுந்து, இதுவரை மொத்தம் எத்தனை குட்டி சார் போயிருக்கு என்று கேட்டார்.

"போனதில்லை என்றுதானே சொல்கிறேன்" என்றார் தலைவர்.

குட்டிக்கு வீடு பார்ப்பது வேறு, ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்குவது வேறு என்று சக்கரபாணி தன் நீள நோட்டைப் பிரித்துப் பதினாலு கேள்வியையும் படித்தார். அன்புமணி அதைக் கேட்டு உண்மையிலேயே மனம் வருந்தினார். இதில் சர்வீஸ் எத்தனை வருடம் என்ற கேள்வியே இல்லையே, இந்தக் காலத்தில் இப்படியா பொறுப்பில்லாமல் குட்டி கொடுப்பது என்றார். வெள்ளை நாடாவுக்குப் பின்கால் பலம் போதாது, அதைத் தெரிந்த கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும், கொளஞ்சியப்பனுக்குக் கொடுங்கள் என்று சக்கரபாணி கடைசியாகக் கெஞ்சினார்.

"சக்கரபாணி, அது எனக்கே வேண்டாம்" என்றார் கோபாலகிருஷ்ணன், மைக்கை ஒதுக்கிவிட்டு, கிட்டத்தட்ட சிநேகமாக. "ஆனால் வெள்ளையை ஒரு கான்ட்ராக்ட் ஆள் ரோட்டில் நடத்திக்கொண்டு போவதை நாலு பேர் பார்த்தால், அப்புறம் வெள்ளைக்கு என்ன மரியாதை?"

ஏப்ரல் பத்தாம் தேதி ஒதுக்கீட்டு ஆணை வந்தது. வெள்ளை நாடா, கோபாலகிருஷ்ணன். மஞ்சள் நாடா, தனகோடி. மற்ற ஆறும் ஆறு பேருக்கு, அதில் நாலு பேர் தங்களுக்கு எது ஒதுக்கியிருக்கிறது என்று கேட்கக்கூட வரவில்லை. பத்து நாளில் ஒப்படைப்பு. சக்கரபாணி ஆணையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டவர், மீறினால் ஜிலேபி போகும். மீறாவிட்டால் வெள்ளை நாடா, நாயைக் கண்டால் கேட்டுக்கு வெளியே நிற்கிற ஆள் வீட்டுக் கார் ஷெட்டில் கிடக்கும்.

செவ்வந்தி உள்ளேயிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஷெல்பில் சொருகியது சொருகியபடி இருந்த அதே புத்தகம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழாம் விதியைப் படித்தாள். ஆறு மாதம் நிறையாதது குட்டி. நிறைந்தது நாய். கூட்டமைப்பு ஒதுக்குவது குட்டியை மட்டுமே. ஒரு குவார்ட்டர்ஸில் இரண்டு நாய்க்கு மேல் கூடாது. மிகையான நாய்களை வைத்திருப்பவரே தன் பொறுப்பில், தனக்குச் சரியெனப் படும் இடத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அகற்ற வேண்டும்.

"இதுங்களுக்கு ஆறு மாசம் எப்ப?"

"மே நாலு."

"இன்னும் இருபத்து நாலு நாள் இருக்குது. இத்தன மாசமா சீக்கிரம் பண்ணுங்க, சீக்கிரம் பண்ணுங்கன்னு அவங்க கால்ல விழுந்தீங்களே. இப்ப போயி, அவசரப்படாதீங்கன்னு சொல்லுங்க."

சக்கரபாணி ஐந்து நாள் யோசித்தார். ஏப்ரல் பதினைந்தாம் தேதி, இஸ்திரி போட்ட சட்டையில், மூன்று நகலோடு ஒரு ஆட்சேபணை மனு கொண்டுபோய்க் கொடுத்தார். குட்டிகளின் தகப்பன் வெளியாள் என்று பதிவாகியிருந்தும் தகப்பன் தரப்பிலிருந்து தடையின்மைச் சான்று பெறப்படாதது முறைகேடு, அதைச் சரிசெய்யாமல் ஒப்படைப்பு நடத்தக் கூடாது என்பது மனுவின் சாரம். அன்புமணி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த ஆறு வருடத்தில் ஒருத்தர் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதே இல்லை என்று டீ வரவழைத்துக் கொடுத்தார். தலைவர் அவசரப்படுத்தினால் என்ன செய்வது என்று சக்கரபாணி கவலையோடு விசாரித்தார். முறை என்று வந்துவிட்டால் தலைவராக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும் என்று அன்புமணி நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். விருத்தாசலத்துக்குப் பதிவுத் தபால் போயிற்று. பதில் தர இருபத்தொரு நாள் அவகாசம். பல் டாக்டர் அதைத் தன் நாய் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டியதாகக் கேள்வி. பதில் போடவில்லை.

அந்த இருபத்தொரு நாளும் செவ்வந்தி காலண்டரில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டு வந்தாள்.

மே ஏழாம் தேதி காலை ஒப்படைப்புக் குழு வந்தது. ரிஜிஸ்டர், டேப், குட்டிக்கொரு அட்டைப்பெட்டி. எட்டு மாம்பழப் பெட்டி, காற்றுக்கு ஓட்டை போட்டது. கோபாலகிருஷ்ணன் ஜீப்பில் இருந்தார். சக்கரபாணி கேட்டைத் திறந்தார்.

எட்டும் ஒன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு. ஒன்று அன்புமணியின் இரண்டு தோளிலும் கை வைத்து முகத்தை நக்கியது. இன்னொன்று ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டது. மாம்பழப் பெட்டிகள் ஐந்து நிமிஷத்தில் சுக்கல். பின்னால் சைக்கிளில் வந்த தனகோடி அந்தச் சைக்கிளிலேயே திரும்பிப் போனார். ஜீப்பின் கண்ணாடி ஏறியது.

"குட்டிகள் எங்கே?" என்றார் அன்புமணி, சுவரோடு சுவராக நின்றபடி.

"இதுங்கதான் சார்."

"இவை நாய்கள்."

"ஆமா சார். மூணு நாளா."

அன்புமணி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அவர் நேர்மையானவர், அதை யாரும் மறுக்க முடியாது. ஏழாம் விதியைப் படித்தார், தேதியைக் கணக்குப் பார்த்தார், தலைவரிடம் ஜீப் கண்ணாடி வழியாக ஏதோ பேசினார். திரும்பி வந்து, நின்ற இடத்திலேயே இரண்டு ஆணை எழுதினார். முதலாவது: ஒதுக்கீடு செய்யப்பட்ட எட்டுக் குட்டிகளையும் ஆய்வின்போது காணவில்லை, தேடுதல் தொடர்கிறது. இரண்டாவது: மேற்படி குவார்ட்டர்ஸில் அனுமதியின்றி ஏழு மிகை நாய்கள் காணப்பட்டன. சக்கரபாணி தன் பொறுப்பில், தனக்குச் சரியெனப் படும் இடத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அவற்றை அகற்ற வேண்டும், தவறினால் நடவடிக்கை. முத்திரை குத்தி, கடுமையான முகத்தோடு கையில் கொடுத்தார். சக்கரபாணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பச்சை வேலியைத் தாண்டி மலர்விழி டீச்சர் வீட்டுக்குப் போனது. அதுவரை பொறுத்திருந்த மற்ற மூன்று வீட்டுக்கும் மூன்று போயின. இரண்டுக்கு சக்கரபாணி பஸ் ஏறி நெல்லிக்குப்பம் போய், கரும்புத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேரிடம் பதினாலு கேள்வியும் கேட்டு, கேட்டைப் பார்த்து, கொடுத்துவிட்டு வந்தார். தனகோடிக்கு ஒதுக்கிய மஞ்சள் நாடா ஜிலேபியோடு வீட்டிலேயே தங்கியது. ஆறு மாதம் பழகிய நாயைப் பிரித்துக் கொடுப்பது எட்டு வாரக் குட்டியைக் கொடுப்பது மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயிற்று. ஜனவரியில் போயிருந்தால் இந்தப் பார்வை இருந்திருக்காது என்று சக்கரபாணி செவ்வந்தியிடம் சொன்னார். கூட்டமைப்பில் அதற்குப் பாரம் இல்லை.

கொளஞ்சியப்பன் இரண்டாம் நாள் சாயங்காலம் புதுக் கயிற்றோடு வந்தான். கூட்டிக்கொண்டு கிளம்பு என்றார் சக்கரபாணி. அவன் உட்கார்ந்துகொண்டான்.

"அல்லாரையும் கேட்டீங்கல்ல. என்னியும் கேளுங்கண்ணே."

சக்கரபாணி நோட்டை எடுத்துவந்து பதினாலையும் கேட்டார். பகலில் யார் இருப்பார்கள், முன்னால் வளர்த்தது என்ன ஆயிற்று, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் அவன் யோசித்துப் பதில் சொன்னான். பதினாலாவதுக்கு மட்டும் யோசிக்கவில்லை. முடியாமல் போனால் இங்கேதான் வரும், எனக்கும் வேறு எங்கே போகத் தெரியும் என்றான். வெள்ளை நாடாவின் கழுத்திலிருந்து செவ்வந்தி அந்தப் பாவாடை நாடாவை அவிழ்த்துவிட்டுப் புதுக் கயிற்றைக் கட்டினாள். பின்கால் இன்னும் கொஞ்சம் சாய்கிறது. ஆனால் சைக்கிளுக்குப் பக்கத்தில் அது ஓடிய அழகைத் தெரு பார்த்தது.

ஒரு வாரம் கழித்து கோபாலகிருஷ்ணன் நேரில் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். கூட்டமைப்பின் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகிறதாம். மற்ற ஏழும் போகட்டும், தலைவருக்கு ஒதுக்கிய வெள்ளை நாடாகூட ஒப்படைக்கப்படவில்லை என்று போட்டால் நன்றாகவா இருக்கும். நாய் வேண்டாம், ஆணை எண்ணுக்கு எதிரே 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று தொண்டையைச் செருமினார்.

செவ்வந்தி உள்ளே போனாள். அந்தப் பாவாடை நாடாவை ஏற்கெனவே துவைத்து, காயவைத்து, மடித்து வைத்திருந்தாள். அதை ஒரு கவரில் போட்டு, ஒப்புகைச் சீட்டோடு கொண்டுவந்து கேட்டின் மேல் நீட்டினாள். கோபாலகிருஷ்ணன் கவரைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளைதான். ஒரு முழம் இருந்தது. பேனாவை எடுத்து, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.